பி.காம் முடித்தாயிற்று, அடுத்து எந்த வேலை? எண்களை வைத்துத் தேடுவது எப்படி

நம் வீடுகளில் வேலை பற்றிய பேச்சு பெரும்பாலும் யாரோ ஒரு ஆளை வைத்துத்தான் நடக்கும். பெரியம்மா பையன் சென்னையில் மாதம் எண்பதாயிரம் வாங்குகிறான், அதனால் நீயும் அந்தக் கோர்ஸ் படி. பக்கத்து வீட்டு அண்ணன் அதே கோர்ஸை முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறார், அதனால் படிக்காதே. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டையும் வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது, ஏனென்றால் அதைப் படித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு அந்தச் சம்பளம் கிடைத்தது என்பது இரண்டு கதையிலும் இல்லை. "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று விடாமல் கேட்பதுதான் வேலைச் சந்தைத் தரவைப் பயன்படுத்துவதில் முக்கால்வாசி. மீதி, அந்த எண் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வது. இதற்குக் காசு செலவாகாது. ஒரு போன், ஒரு எக்செல் ஷீட் அல்லது கோடு போட்ட நோட்டு, இரண்டு மூன்று வாரப் பொறுமை போதும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. அதனால் ஒருவரை வைத்துக்கொள்வோம்: திருப்பூர்க்காரர், இந்த வருடம் பி.காம் முடித்தவர், வெளியூர் போகத் தயார்தான், ஆனால் போவதற்கு வலுவான காரணம் வேண்டும். உங்கள் ஊரும் படிப்பும் வேறு என்றாலும் செய்ய வேண்டியது இதேதான்.

முதலில் வேலையின் பெயரை எழுதுங்கள், துறையின் பெயரை அல்ல

"ஐடிக்குப் போகலாமா, பேங்க்குக்குப் போகலாமா, இல்லை பனியன் கம்பெனியா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இவை மூன்றும் துறைகள். ஐடி கம்பெனியிலும் கணக்கு எழுதுபவர் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு, பனியன் கம்பெனியிலும் உண்டு. நீங்கள் தினமும் செய்யப்போவது வேலையை, துறையை அல்ல. அரசும் இவற்றைத் தனித்தனியாகத்தான் வகைப்படுத்துகிறது: துறைகளுக்கு ஒரு வகைப்பாடு, தொழில்களுக்கு வேறொன்று. தொழில்களுக்கானது 2015ஆம் வருடத்து தேசியத் தொழில் வகைப்பாடு. அதில் ஒவ்வொரு தொழிலுக்கும் எட்டு இலக்க எண் ஒன்றும், அந்த வேலையில் என்ன செய்ய வேண்டும் என்ற சிறு விளக்கமும் இருக்கும். பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு மாலை நேரம் புரட்டிப் பாருங்கள், கேள்வியே பட்டிராத பத்து வேலையாவது கண்ணில் படும்.

நம் திருப்பூர்க்காரர் இப்படி எழுதலாம்: அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், ஜிஎஸ்டி ஃபைலிங் பார்ப்பவர், ஏற்றுமதி டாக்குமென்டேஷன், ஜூனியர் மெர்ச்சண்டைசர் (ஏற்றுமதி ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவர்), பேங்க் கிளார்க், டேட்டா அனலிஸ்ட். ஆறு போதும். பத்துக்கு மேல் போனால் எதையுமே ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

ஒரு வேலையில் நாள் முழுக்க என்ன நடக்கும் என்று புரியவில்லையா? அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் என்கிற இலவசத் தளத்தில் 900க்கும் மேற்பட்ட தொழில்களை வேலை வேலையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த விவரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சம்பளமும் "பத்து வருடத்தில் இத்தனை சதவீதம் வளரும்" என்கிற கணிப்பும் அமெரிக்காவுக்கானவை. அதையே இந்தியாவுக்கும் பொருந்துவது போலச் சொல்லிக் கோர்ஸ் விற்கிறவர்கள் நிறையப் பேர், ஏமாந்துவிடாதீர்கள்.

பெரிய எண்களை எப்படிப் படிப்பது

வேலையின்மை விகிதம் இத்தனை என்று செய்தியில் வருவது மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் பிஎல்எஃப்எஸ் என்கிற தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து. 2017 முதல் நடக்கிறது, 2024 வரை வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களிடம் கேட்டார்கள், 2025இலிருந்து சுமார் 2.7 லட்சம். 2025இலிருந்து மாதா மாதமும் எண் வருகிறது. 2023-24இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வேலையின்மை 3.2 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு "நாட்டில் எல்லாருக்கும் வேலை இருக்கிறதே" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 10.2 சதவீதம், மூன்று மடங்கு. உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் உரிய வரியைத் தேடிப் படியுங்கள், தலைப்பில் வரும் எண் உங்களைப் பற்றியது அல்ல.

வேலையில் இருப்பவர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமே இல்லாமல் உட்காருகிற பையனும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான், சுயதொழிலில் குடும்ப உதவியாளர் என்று சேர்த்துவிடுவார்கள். மாத எண்களில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். இது மோசடி இல்லை, உலகம் முழுக்க ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் நீங்கள் தேடுவது மாதச் சம்பள வேலை என்றால் வேறொரு எண்ணைப் பிடிக்க வேண்டும்: 2023-24இல் வேலையில் இருந்தவர்களில் மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம்தான், 58.4 சதவீதம் சுயதொழில், மீதி தினக்கூலி. அந்த மாதச் சம்பளக்காரர்களிலும் பாதிக்கு மேல் எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் இல்லாதவர்கள். ஆக "வேலை கிடைக்குமா" என்பதோடு நிறுத்தாமல் "ஆஃபர் லெட்டர், பிஎஃப், சம்பளத்தோடு லீவு, இதெல்லாம் உள்ள வேலை கிடைக்குமா" என்று கேளுங்கள்.

மாவட்ட அளவில் இந்தத் தரவை நம்பி இறங்க வேண்டாம். நாடு முழுவதற்கும் சுமார் 2.7 லட்சம் குடும்பம் என்றால் திருப்பூருக்கு எத்தனை வீடு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைகளுக்கு ஏஎஸ்ஐ என்று தனியாக ஒரு வருடாந்திரக் கணக்கெடுப்பு உண்டு. தொழிற்சாலை எண்ணிக்கையிலும் அவற்றில் வேலை செய்பவர்கள் எண்ணிக்கையிலும் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பது அதிலிருந்துதான் தெரிகிறது. 2019-20 கணக்கில், நாடு முழுக்கத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்த பெண் தொழிலாளர்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அருமையான தரவு, ஆனால் தாமதமாக வரும். 2023-24க்கான முடிவு 2025 ஆகஸ்டில்தான் வெளியானது. அதே ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்புகிற திருப்பூரை அது எப்படி உலுக்கியது என்று ஊரே பார்த்தது, அந்த அறிக்கையில் அதன் சுவடு கூட இருக்க வாய்ப்பில்லை. இதனால்தான் அடுத்த வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

விளம்பரங்களை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, இதில் நேரம் செலவழியுங்கள். ஆறு வேலைகளுக்கும் தலா முப்பது விளம்பரம் சேகரியுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன், மத்திய அரசின் என்சிஎஸ் தளம், தமிழ்நாடு அரசின் தனியார்த்துறை வேலை இணையதளம் ஆகிய நான்கிலும் தேடுங்கள். அப்புறம், திருப்பூர் மாதிரி ஊரில் கணிசமான வேலை இணையத்துக்கே வராது என்பதை மறந்துவிடாதீர்கள். கம்பெனி கேட்டில் தொங்கும் "ஆட்கள் தேவை" போர்டு, வாட்ஸ்அப் குரூப், நாளிதழின் வரி விளம்பரம், இவையும் தரவுதான். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஷீட்டில் ஏற்றுங்கள்.

ஷீட்டில் ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி. வேலையின் பெயர், கம்பெனி, ஊர், கேட்கும் அனுபவம், கேட்கும் திறமைகள், சொல்லும் சம்பளம், பார்த்த தேதி. ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சிகள் மூன்று விதமாகப் போட்டிருப்பார்கள், சொற்களை ஒப்பிட்டு ஒன்றாக்கிவிடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் எதையும் சேர்க்காதீர்கள், அவை விளம்பரமே இல்லை.

முப்பதும் சேர்ந்ததும் திறமைகளை எண்ணுங்கள். முப்பதில் எத்தனை டேலி கேட்கிறது, எத்தனை எக்செல், எத்தனை ஜிஎஸ்டி ரிட்டர்ன், எத்தனை இந்தி? எது அதிகம் வருகிறதோ அதைத்தான் முதலில் கற்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் கோர்ஸில் சேரும் முன்பு, அவர்கள் கற்றுத்தரும் மென்பொருள் உங்கள் முப்பது விளம்பரங்களில் எத்தனையில் வருகிறது என்று பாருங்கள். இரண்டில் மட்டும் வந்தால் அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

சம்பளத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள், நடு எண்ணைப் பாருங்கள். ஐந்து வேலை 12,000, 13,000, 14,000, 15,000, 60,000 என்று இருந்தால் சராசரி 22,800 வரும். அந்தச் சம்பளம் ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 14,000, அதுதான் உங்களுக்கு வாய்க்கக்கூடியது. "12,000 முதல் 25,000 வரை" என்று போட்டிருந்தால் ஃப்ரெஷருக்குக் கீழ் எண்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிடிசி (ஒரு ஊழியருக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று போட்டிருந்தால் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும், கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

இப்போது பலரும் செய்யாத ஒன்று. அதே வேலைக்கு நான்கு முதல் ஆறு வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்களையும் தேடுங்கள். ஃப்ரெஷருக்கு முப்பது இருக்கிறது, ஐந்து வருட அனுபவத்துக்கு மூன்றுதான் இருக்கிறது என்றால், ஐந்து வருடம் கழித்து அந்த ஆட்கள் எங்கே போகிறார்கள்? வேறு பதவிப் பெயரில் மேலே போயிருக்கலாம், அந்த வேலையையே விட்டிருக்கவும் கூடும். எது என்று ஷீட் சொல்லாது, ஆனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடும். மெர்ச்சண்டைசர் வேலையில் இதைப் பார்க்கலாம்: ஆரம்பத்தில் சம்பளம் சுமார், ஆனால் அனுபவம் உள்ள ஆளைத் தேடும் விளம்பரமும் கூடவே வருகிறதா, அதில் சம்பளம் எத்தனை மடங்கு? எனக்கு முதல் மாதச் சம்பளத்தைவிட இந்த மடங்குதான் முக்கியமாகப் படுகிறது.

கம்பெனியின் பிஎஃப் கணக்கைப் பாருங்கள்

பிஎஃப்பை நிர்வகிக்கும் மத்திய அரசின் இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது, லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரையும் கேப்ட்சாவையும் போட்டால் நிறுவனங்களின் பட்டியல் வரும், உங்கள் ஊர்க் கம்பெனியைத் தேர்ந்தெடுத்துக் கட்டண விவரத்தைத் திறந்தால், எந்த மாதத்துக்கு எத்தனை ஊழியர்களுக்கு எவ்வளவு தொகை எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். இன்டர்வியூவில் "எங்களிடம் முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள்" என்று சொன்ன கம்பெனி முப்பத்தைந்து பேருக்குத்தான் பிஎஃப் கட்டுகிறது என்றால், மீதி ஆட்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கான்ட்ராக்டர் மூலம் இருக்கலாம், அப்படியென்றால் நீங்களும் கான்ட்ராக்டர் பக்கமா கம்பெனி பக்கமா என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஊழியர் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12, நிர்வாகக் கட்டணம் அரை, காப்பீடு அரை, ஆக மொத்தம் 25 சதவீதம். ஒரு மாதம் 40 பேருக்கு 1,50,000 ரூபாய் கட்டியிருந்தால் ஆளுக்கு 3,750. அதை நாலால் பெருக்கினால் 15,000, அதாவது 2014இல் வைத்த பிஎஃப் உச்சவரம்பு. பல கம்பெனிகள் உண்மைச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இந்த வரம்போடு நிறுத்திக்கொள்ளும் என்பதால் 15,000 என்று வந்தால் "15,000 அல்லது அதற்கு மேல்" என்றுதான் படிக்க வேண்டும். ஆனால் 9,000 என்று வந்தால் கவனம். ஒன்று அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள், அல்லது சம்பளமே அவ்வளவுதான்.

இதையும் உங்கள் ஷீட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே கம்பெனி ஒரே பதவிக்கு மாதா மாதம் விளம்பரம் போடுகிறது. வளர்கிறதா, ஆட்கள் நிற்காமல் ஓடுகிறார்களா? பிஎஃப் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வளர்ச்சி. ஒரு வருடமாக அதே நாற்பதில் நின்றால் வருகிறவர்கள் நிற்கவில்லை. கட்டும் தேதி மாதா மாதம் தள்ளிக்கொண்டே போவதும் ஒரு தகவல்தான், பணப்புழக்கம் சரியில்லாத இடத்தில் சம்பளமும் தள்ளிப்போகும். இருபது பேருக்குக் குறைவான இடங்களுக்குப் பொதுவாக பிஎஃப் கட்டாயமில்லை, அதனால் சின்னக் கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் இதில் சிக்காமல் போகலாம்.

மேலே படிப்பதா, அரசுத் தேர்வா

எம்பிஏ மாதிரி ஏதாவது யோசிப்பவர்கள் கல்லூரி விளம்பரத்தில் வரும் "அதிகபட்சச் சம்பளம்" என்ற பேனரை விட்டுவிட்டு மத்திய அரசு கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்ஐஆர்எஃப் தளத்துக்குப் போங்கள். தரவரிசைப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த தரவு பிடிஎஃப்பாக இருக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, வேலை கிடைத்தவர்களின் நடு எண் சம்பளம் என்ன என்று மூன்று வருடத்துக்கு இருக்கும். 120 பேர் சேர்ந்து 110 பேர் முடித்து 60 பேருக்கு வேலை, 10 பேர் மேல்படிப்பு என்றால், மீதி நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று அட்மிஷன் ஆபீஸில் நேராகக் கேளுங்கள். அந்தச் சம்பள எண் வேலை கிடைத்த அறுபது பேருக்கு மட்டும்தான். கல்லூரியே கொடுக்கும் தரவு என்பதையும், சில வருடம் பழையது என்பதையும் நினைவில் வையுங்கள். இருந்தாலும் பேனரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அரசுத் தேர்வுக்கும் அதே கேள்விதான். டிஎன்பிஎஸ்சியின் 2024 குரூப் 4க்கு 6,244 இடங்கள் அறிவித்தார்கள், பிறகு 9,491 ஆக உயர்ந்தது, சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்து 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். எழுதியவர்களை வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 160 பேருக்கு ஒரு இடம். எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, நன்றாகத் தயாராகி வருபவர்கள் அதில் ஒரு பகுதிதான். உங்கள் பிரிவின் சென்ற முறை கட்-ஆஃபை எடுத்து, ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதா, ஒரு வருடம் முழுதாக ஒதுக்குவதா என்பதை அந்த இடைவெளியை வைத்து முடிவு செய்யலாம். பேங்க் கிளார்க் தேர்வுகளின் அறிவிப்பில் மாநில வாரியாகக் காலியிடம் போடுவார்கள், மொத்த எண்ணை விட்டுவிட்டு தமிழ்நாட்டு வரியைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவாருங்கள்

ஆறு வேலைக்கும் ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் எத்தனை விளம்பரம், ஆரம்பச் சம்பளத்தின் நடு எண், ஐந்து வருட அனுபவத்துக்கு நடு எண், தயாராக ஆகும் மாதமும் செலவும், வெளியூர் என்றால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம். கடைசியில் சொன்னதைக் கண்டிப்பாகப் போடுங்கள்: சென்னையில் 19,000, திருப்பூரில் 14,000 என்றால் சென்னைதான் பெரிதாகத் தெரியும், பிஜி வாடகையும் சாப்பாடும் பயணமும் போன பிறகு எது பெரிது என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். அதற்காக எப்போதும் ஊரிலேயே இருங்கள் என்பதும் இல்லை. ஐந்தாம் வருடச் சம்பளம் சென்னையில் மூன்று மடங்கு என்றால் முதல் இரண்டு வருடக் கஷ்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆறில் நான்கு இப்போது தானாகவே கீழே போயிருக்கும். மிஞ்சும் இரண்டுக்கும் அந்த வேலையில் ஏற்கனவே இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பிடித்துப் பேசுங்கள். "அண்ணா, வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லப்பா" என்றுதான் பதில் வரும். "ஃப்ரெஷருக்கு நிறைய விளம்பரம் வருது, அஞ்சு வருஷ அனுபவத்துக்கு ரொம்பக் கம்மியா இருக்கு, உங்ககூடச் சேர்ந்தவங்க இப்போ எங்க இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

அப்படி ஆள் யாரும் தெரியாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போகலாம். பழைய எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்தான், பதிவைப் புதுப்பிக்க மட்டும் என்று நினைத்துப் பலர் உள்ளேயே போவதில்லை. தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவதும், போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துவதும் அவர்கள்தான். முகாமுக்கு வந்த கம்பெனிகளின் பட்டியலை வாங்கிக்கொண்டால் உங்கள் ஷீட்டுக்கு இன்னும் சில வரி கிடைக்கும். பட்டதாரிகளுக்கான அப்ரன்டிஸ் இடங்களையும் அங்கேயே விசாரியுங்கள், பி.காம் முடித்தவர்களும் சேரலாம். உதவித்தொகை குறைவுதான், ஆனால் அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை உள்ளே இருந்தே பார்த்துவிடலாம்.

ஷீட்டை அழித்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே தேடலை அதே தளங்களில் மறுபடி ஓட்டி, புதுத் தேதியோடு பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த இரண்டு வேலைகளில் எதன் விளம்பரம் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பது அப்போது உங்கள் கையிலேயே இருக்கும்.